நாலாவது தடவை கேட்டவர்

பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஏலக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பணிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது; அதை வெளியே எடுத்துக் கூப்பிடத்தான் ஆளில்லை. வருடத்தில் பதினொரு மாதம் சேர்க்கைப் பிரிவில் கோப்பு கட்டிக்கொண்டு கிடப்பார். பன்னிரண்டாவது மாதம் பெரிய கூடத்தில் இரண்டாம் எண் மேசையில் உட்கார்ந்து, பட்டப்படிப்புக்கு இடம் கேட்டு வருகிறவர்களிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பார். எந்தப் படிப்பு? எதிரே இருப்பவர் சொல்வார். எந்தப் படிப்பு? மறுபடி சொல்வார். எந்தப் படிப்பு? மூன்று முறையும் ஒரே பதில் வந்தால் ஏலக்காரர் தலையசைப்பார், பக்கத்திலிருக்கும் கணினிக்காரப் பெண் பொத்தானை அழுத்துவாள். அதற்குப் பிறகு ஆண்டவனே வந்து நின்றாலும் மாற்ற முடியாது. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று ஏலம் விடுவதுபோல் இருந்ததால் ஏதோ ஒரு வாண்டு வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

இந்த மூன்று முறை வழக்கம் வந்த கதையே தனி. முன்பெல்லாம் ஒருமுறை கேட்பதோடு சரி. ஒரு வருடம் ஒரு பையன் வாயைத் திறப்பதற்குள் அவன் அப்பா 'பொருளாதாரம்' என்று சொல்லிவிட்டார். பையனும் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு படித்து, தேறி, பட்டமளிப்பு விழாவுக்கு முதல் நாள், நான் கேட்டது விலங்கியல், இந்தப் பட்டம் எனக்கு வேண்டாம் என்று வழக்குப் போட்டான். வழக்கு நிற்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அப்போது எழுதிய விதிகள்தான் இவை. விண்ணப்பித்தவர் மட்டும்தான் மேசைக்கு வரலாம். கூட வந்தவர்கள் பன்னிரண்டு அடி பின்னால் நீலக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அங்கிருந்து ஒரு குரல் வந்தாலும் விண்ணப்பித்தவரின் எண் அன்றைய வரிசையின் கடைசிக்குப் போய்விடும். நடுவில் பதில் மாறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தலையாட்டல் செல்லாது, 'ம்' செல்லாது. வாயைத் திறந்து படிப்பின் பெயரைச் சொல்ல வேண்டும்.

கேட்பவர் குரலில் ஏற்றமும் இருக்கக் கூடாது, இறக்கமும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கே போவது? ஏலக்காரரிடம் அந்தக் குரல் தயாராக இருந்தது. இங்கே வருவதற்கு முன் ஓர் அச்சகத்தில், பிழை திருத்துபவர் அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிக்கும் வேலை பார்த்தவர். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சாவு அறிவிப்பையும் சாக்கடை ஒப்பந்த அறிவிப்பையும் ஒரே குரலில் ஆறு வருடம் வாசித்து, தொண்டையில் இருந்த உப்பு புளி எல்லாம் போய்விட்டது. அவர் எப்படிப் பட்டம் வாங்கினார் என்று கேட்டால் அது இன்னும் அழகு. வணிகவியல் படித்தார். அந்த வரிசை குட்டையாக இருந்தது, அதனால் படித்தார்.

பத்தொன்பது வருடம் அந்த மேசையில் உட்கார்ந்ததில் சில விஷயங்கள் அவருக்கு அத்துப்படி. கயிற்றுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பேசமாட்டார்கள், ஆனால் உதடுகள் சும்மா இருக்காது. மருத்துவம், மருத்துவம் என்று ஓசையில்லாமல் மென்றுகொண்டிருப்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பிறகு யார் கழுத்தைத் திருப்பிக் கயிற்றுப் பக்கம் பார்க்கிறார்களோ, அவர்கள் கதை முடிந்தது. பத்துப் பேர் திரும்பினால் எட்டுப் பேர் பதிலை மாற்றிவிடுவார்கள். அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் கிடையாது, சந்தோஷமும் கிடையாது. கேட்பதுதான் அவர் வேலை. நான் எவனையும் தள்ளிவிட்டதும் இல்லை, இழுத்துவிட்டதும் இல்லை என்பதுதான் அவர் தன்னைப் பற்றி வைத்திருந்த ஒரே பெருமை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மனுஷன் குரலைக் கழற்ற மறந்துவிட்டார், அதுதான் கோளாறு. மனைவி புதுத் திரைச்சீலை மாட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்கு," என்பார். ஒரே மகன் வேறு ஊரில் வேலைக்குப் போகிறேன் என்றபோது, "சரி," என்றார். எதிலும் மூக்கை நுழைக்காத கணவன் என்று அவருக்கு நினைப்பு. நல்ல குணம்தான் என்று சொல்லிக்கொள்வார்.

மனைவி தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் மீட்டர் பார்ப்பவர். தெருக்களில் அவருக்கு மீட்டரம்மா என்று பெயர். ஒரு நாளைக்கு எண்பது வீடு, தொண்ணூறு வீடு. வாசலோரத்தில் குனிந்து இரும்பு மூடியைத் தூக்கி, குத்த வைத்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து எண்ணைப் படித்து, எழுந்து, அடுத்த வீடு. பதினான்கு வருடம் இப்படி உட்கார்ந்து எழுந்ததில் வலது முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. இப்படியே போனால் இன்னும் மூன்று வருடம்தான் தாங்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது: பொது நிர்வாகத்தில் பட்டம் இருந்தால் தெருவை விட்டு மேசைக்கு வரலாம். மின்விசிறி, நாற்காலி எல்லாம் உண்டு. பல்கலைக்கழகத்திலும் ஒரு வழி இருந்தது. பள்ளி முடித்துப் பதினைந்து வருடம் ஆனவர்களுக்கு ஒவ்வொரு துறையிலும் இரண்டு இடம். மறுவருகை இடம் என்பார்கள். ஏலக்காரர் விண்ணப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார், தானே நிரப்பினார்.

"பொது நிர்வாகம்தானே?" என்று கேட்டார்.

"ம்," என்றார் மீட்டரம்மா.

அலுவலகத்தில் செல்லாத 'ம்' வீட்டில் செல்லுபடியாகிவிட்டது. விண்ணப்பத்தில் என்ன எழுதினாலும் மேசையில் வாயால் சொல்வதுதான் கணக்கு என்பது இருவருக்கும் தெரியும். ஒருவர் அதை நினைக்கவே இல்லை. இன்னொருவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மீட்டரம்மாவின் தெருக்களில் ஒரு மேட்டுத் தெரு உண்டு. அங்கே குழாய் வருடத்துக்கு நாலு தடவை உடையும். எதிர்த் தெருவில் அதே குழாய், அதே வயசு, ஒருநாளும் உடைந்ததில்லை. பொறியாளரிடம் கேட்டதற்கு, "மண்ணு அப்படிம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மண் எப்படி என்பதுதானே கேள்வி. அந்தப் பதில் எட்டு வருடமாக அவர் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. குழாய்க்குத் தோண்டிய பள்ளங்களில் எட்டிப் பார்ப்பார். வெவ்வேறு நிறத்தில் கல் கிடைத்தால் எடுத்து வருவார். குளிர்சாதனப் பெட்டியின் மேல் பதினேழு கல் வரிசையாக இருந்தது. ஏலக்காரர் கதவு ஆடாமல் முட்டுக்கொடுக்க அவ்வப்போது ஒன்றை எடுத்துக்கொள்வார், மறக்காமல் திருப்பியும் வைத்துவிடுவார்.

மறுவருகைக்காரர்களைக் கூப்பிடும் நாள் வந்தது. இருவரும் ஒரே பேருந்தில் போனார்கள். சேர்க்கை அதிகாரி, கறாரான பெண்மணி, காலையிலேயே கேட்டார்.

"உங்க வீட்டம்மா இன்னைக்கு வராங்களாமே. அவங்களை மூணாம் மேசைக்கு அனுப்பிடலாம்."

"சரிங்கம்மா," என்றார் ஏலக்காரர்.

பதினோரு மணி சுமாருக்கு மூன்றாம் மேசையில் ஒரு பேருந்து ஓட்டுநர் தத்துவத்துக்கும் புவியியலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாவது தடவையாக ஒன்றிலிருந்து எண்ணினார்கள். அதற்குள் இரண்டாம் மேசை காலியானது. வரிசை பார்க்கிறவர் நூற்று நாற்பத்தேழாம் எண் சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். அது மீட்டரம்மாவின் எண்.

இது மூணாம் மேசைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. ஊரார் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கேட்டாயிற்று, சொந்த வீட்டுக்காரியை ஒருமுறை கேட்டால் என்ன என்று ஓர் ஆசை. பதில் தெரிந்த கேள்விதானே, அரை நிமிட வேலை. ஆழம் தெரிந்த தண்ணீர் என்று நினைத்துத்தான் காலை விட்டார்.

மீட்டரம்மா வந்து உட்கார்ந்தார். ஆளைப் பார்த்ததும் கொஞ்சம் திடுக்கிட்டதுபோல் இருந்தது.

"உங்க எண் சொல்லுங்க." கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் மனைவியை முதல்முறையாக 'உங்க' என்றார்.

"நூத்தி நாப்பத்தேழு."

"எந்தப் படிப்பு?"

"நிலவியல்."

பதற்றத்தில் நாக்கு புரள்வது உண்டு. ஒரு பையன் படிப்பின் பெயருக்குப் பதில் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறான். ஏலக்காரர் அசரவில்லை.

"எந்தப் படிப்பு?"

"நிலவியல்."

"எந்தப் படிப்பு?"

"நிலவியல்." மீட்டரம்மா மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு சொன்னார். குரல் சின்னதாக இருந்தது, ஆனால் சுத்தமாக இருந்தது.

கணினிக்காரப் பெண் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் தலையசைப்புக்குக் காத்திருந்தாள். ஏலக்காரருக்குத் தலை அசையவில்லை. நிலவியல் என்றால் குன்று ஏற வேண்டும், குவாரியில் இறங்க வேண்டும், சுத்தியலும் பையுமாக அலைய வேண்டும். பட்டம் வாங்கினாலும் தண்ணீர் அலுவலக விதியில் அது செல்லாது. மேசை இல்லை, நாற்காலி இல்லை, அதே தெரு, அதே இரும்பு மூடி. இவ்வளவும் ஒரே மூச்சில் மனதில் ஓடியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எந்தப் படிப்பு?"

பத்தொன்பது வருடத்தில் யாரையும் நாலாவது தடவை கேட்டதில்லை. கேட்ட விதமும் சரியில்லை. 'எந்த' என்பதில் ஓர் அழுத்தம் விழுந்தது, கூடத்துக்கே கேட்டது.

"சார், மூணு ஆயிடுச்சு," என்றாள் கணினிக்காரப் பெண் மெதுவாக.

அதிகாரி அதற்குள் வந்துவிட்டார். சீட்டைப் பார்த்தார், எதிரில் இருந்தவரைப் பார்த்தார், விஷயம் விளங்கிவிட்டது.

"எழுந்திரிங்க."

"இல்லம்மா, முழங்கால்…"

"யார் முழங்கால்?"

ஏலக்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திரிங்க சார். இப்ப நீங்க ஊழியர் இல்ல, வீட்டுக்காரர். வீட்டுக்காரங்க நிக்கிற இடம் உங்களுக்கு நான் காட்டணுமா? நாளைக்கு எழுத்து மூலமா விளக்கம் குடுங்க." பிறகு மூன்றாம் மேசைக்காரரைக் கூப்பிட்டார். ஓட்டுநர் ஒருவழியாகத் தத்துவத்தில் விழுந்து முடித்திருந்தார். "இது வரைக்கும் கேட்டது செல்லாது. நீங்க முதல்ல இருந்து கேளுங்க."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை எழுந்து, அத்தனை கண்களுக்கும் நடுவே நீலக் கயிற்றைத் தாண்டிப் போய் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து கூடத்தை அவர் பார்த்ததே இல்லை. மேசைகள் ரொம்ப தூரத்தில் இருந்தன. மேசைக்கு முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மீட்டரம்மாவின் தோள்கள் ஒடுங்கியிருந்தன.

பக்கத்தில் ஒரு பெண் கையில் தண்ணீர்க் குப்பியோடு நின்றிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் கல் குவாரியில வெடி வைக்கிறவரு," என்று கிசுகிசுத்தாள். "அடுத்த எண் அவருதான். அவருக்கும் நிலவியல்தான் வேணுமாம். ஒரே ஒரு இடம்தான் மிச்சமாமே?"

"ஆமா," என்றார் ஏலக்காரர். இப்போது இங்கிருந்து ஒரு சத்தம் போட்டால் போதும். மீட்டரம்மாவின் எண் கடைசிக்குப் போகும், நிலவியல் குவாரிக்காரருக்குப் போகும், பொது நிர்வாகத்தில் இரண்டு இடமும் அப்படியே இருக்கிறது. முழங்கால் தப்பித்துவிடும். இருமல் வந்த மாதிரி ஒரு வார்த்தை. இந்த நினைப்பு தனக்கு வந்ததே என்று அவருக்குக் கூசியது. வாயை மூடிக்கொண்டார். ஆனால் உதடுகள் அசைவது அவருக்கே தெரிந்தது. பொது நிர்வாகம், பொது நிர்வாகம். சட்டென்று பல்லைக் கடித்து நிறுத்தினார்.

"எந்தப் படிப்பு?" மூன்றாம் மேசைக்காரர் கேட்டார்.

"நிலவியல்."

"எந்தப் படிப்பு?"

"நிலவியல்."

சொல்லிவிட்டு மீட்டரம்மா கழுத்தைத் திருப்பிக் கயிற்றுப் பக்கம் பார்த்தார்.

போச்சு என்று ஏலக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பார்வையை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து. கேட்பது எல்லாம் ஒன்றுதான்: நான் இதைச் சொன்னால் நீ என்ன செய்வாய்? இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவள் தன்னிடம் இதைக் கேட்கிறாள் என்பது அவருக்கு வலித்தது. சொல்லு, பரவாயில்லை என்று காட்ட வேண்டும். பேச முடியாது, முகத்தால்தான் காட்ட வேண்டும். அந்த முகத்துக்கோ பழக்கமே இல்லை. கன்னத்தை இழுத்தார், பல்லைக் காட்டினார், புருவம் தன்னிஷ்டத்துக்கு எங்கோ போனது.

"என்ன சார், பல்லு வலியா?" என்றாள் பக்கத்துப் பெண்.

மீட்டரம்மா அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந்தப் படிப்பு?"

"பொது நிர்வாகம்."

பதில் மாறிவிட்டது. இனி இதுதான் ஒன்று.

"எந்தப் படிப்பு?"

"பொது நிர்வாகம்."

இன்னும் ஒரு முறைதான். அவர் ஆசைப்பட்டது நடந்துகொண்டிருந்தது, அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை. நியாயமாகப் பார்த்தால் நிம்மதியாக இருக்க வேண்டும். மீட்டரம்மாவின் தோள் இன்னும் ஒரு சுற்று ஒடுங்கியது. மறுபடி அந்தக் கழுத்து திரும்பத்தான் போகிறது என்று ஏலக்காரருக்குத் தெரியும். மாற்றியவர்கள் சரிதானா என்று இன்னொரு தடவை பார்ப்பார்கள். அப்போது என்ன முகத்தைக் காட்டுவது? இருக்கிறதே ஒன்றுதான், அதுவும் உதவாது.

அவர் திரும்பி, ஆட்களை விலக்கிக்கொண்டு, கூடத்தை விட்டே வெளியேறினார்.

தாழ்வாரத்தில் நாற்பது ஐம்பது பேர் சுவரோரமாக நின்றிருந்தார்கள். கூரைக்குக் கீழே ஒலிபெருக்கி. ஒவ்வோர் இடம் நிரம்பும்போதும் மிச்சம் என்ன என்று ஒரு பெண் குரல் வாசிக்கும். ஏலக்காரர் அதன் கீழே போய் நின்றார். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மூன்றுமுறை கேட்க இவ்வளவு நேரம் ஆகாது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால்தான் ஆகும்.

கரகரவென்று சத்தம் வந்தது. "மறுவருகை இடங்கள். பொது நிர்வாகம், இரண்டு. நிலவியல், இல்லை."

கூடத்துக்குள் யாரோ சத்தமாக அலுத்துக்கொண்டது கேட்டது, குவாரிக்காரராகத்தான் இருக்கும். பிற்பாடு அவர் இயற்பியல் எடுத்தாராம். வெடி வைக்கிறவருக்கு அதுவும் பொருத்தம்தான்.

மீட்டரம்மா சேர்க்கைச் சீட்டைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"எங்க போனீங்க? திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்."

"இங்கதான்."

"நீங்க இல்லன்னதும்தான் எனக்கு வாயே வந்துச்சு."

அது ஏலக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது.

"என்கிட்ட அவ்வளவு பயமா? நான் எப்பவாவது எதையாவது வேணாம்னு சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்ல. வேணும்னும் சொன்னதில்ல." மீட்டரம்மா சீட்டை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். "வேணாம்னு சொன்னா சண்டை போடலாம். ஒண்ணுமே சொல்லாத ஆளுகிட்ட என்னத்த போடறது? நானா யோசிச்சுக்குவேன். நானா யோசிச்சா எப்பவும் உங்களுக்குப் பிடிக்கலன்னுதான் தோணும். திரைச்சீலையில இருந்து அப்படித்தான்."

ஏலக்காரருக்கு வழக்கம்போல 'சரி' என்று சொல்ல வாய் வந்தது. அதை விழுங்கினார்.

"எனக்குப் பிடிக்கல," என்றார். குரல் ஒரு மாதிரி ஏறி இறங்கியது. அவர் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. "சுத்தமாப் பிடிக்கல. அந்த முழங்காலை வச்சுக்கிட்டு எந்த மலையில ஏறப்போற? மூணு வருஷம் கழிச்சும் அதே தெருவுலதான் குனிஞ்சு நிக்கப்போற. ஒருநாள் எழுந்திருக்க முடியாம அங்கயே உக்காந்திருவ. எனக்கு அதை நினைச்சா பயமா இருக்கு. இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு கூடத் தோணலயா உனக்கு?"

சுவரோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீருடைக் காவலாளிகூட எட்டிப் பார்த்தார். மீட்டரம்மா வலது காலுக்குச் சுமையில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது.

"அப்பாடி," என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

உள்ளே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். ஏலக்காரர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.